வலிக்காத இடத்திலேயே இன்சுலின் போடுகிறீர்களா?

பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வரும் அம்மா ஒருவருக்கு, இன்சுலின் அளவை ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டே போயும் சர்க்கரை இறங்கவில்லை. வாயைக் கட்டவில்லை போலும் என்றே நான் எண்ணியிருந்தேன். ஒருநாள் தொப்புளுக்கு இடப்புறம் தடவிப் பார்த்தபோது, தோலுக்கடியில் எலுமிச்சை அளவில் ரப்பர் போன்ற தடிப்பு கையில் தட்டுப்பட்டது. "அங்க போட்டா நோவறதில்லீங்க" என்றார். நான்கு ஆண்டுகளாக அதே இடம். அதுவரை நான் அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் பார்த்தேனே தவிர, ஊசி இறங்கும் இடத்தைப் பார்க்கவில்லை.

இன்சுலினுக்குக் கொழுப்பை வளர்க்கும் தன்மை உண்டு என்பதால், ஓரிடத்திலேயே தொடர்ந்து போடும்போது அங்குள்ள கொழுப்புத் திசு தடித்து, உணர்வும் மங்கிவிடுகிறது. வலி தெரியாததால் கை மறுபடியும் அங்கேயே போகிறது. தடித்த இடத்திலிருந்து மருந்து ஒருநாள் மெதுவாகவும் மறுநாள் வேகமாகவும் ரத்தத்தில் கலப்பதால், சர்க்கரை காரணம் புரியாமல் ஏறி இறங்குகிறது. ஒரே ஊசிமுனையைப் பல நாள் வைத்துப் போடும் பழக்கம் இதை இன்னும் மோசமாக்கும்.

இதைப் படித்துவிட்டு இன்றே இடத்தை மாற்றிவிட வேண்டாம். நல்ல தோலில் மருந்து முழுமையாகச் சேரும் என்பதால், பழைய அளவையே அங்கே போட்டால் சர்க்கரை தடாலெனத் தாழ்ந்துவிடக்கூடும். மருத்துவரிடம் தடிப்பைக் காட்டி, அளவைக் குறைத்துக்கொண்ட பிறகே மாற்ற வேண்டும். அந்த அம்மாவுக்கு அளவைக் குறைத்ததோடு, தக்காளித் தோட்டத்துக்குப் போகும்போது முந்தானையில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை முடிந்துகொள்ளவும், வியர்வையும் நடுக்கமும் வந்தால் உடனே தண்ணீரில் கரைத்துக் குடிக்கவும் சொன்னேன். வயிற்றை நான்காகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பகுதி என்றும், முந்தைய நாள் போட்ட இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி என்றும் வகுத்துக்கொண்டால் குழப்பம் இராது.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு போட்டாலும், ஸ்பிரிட் உலரும் முன்பே குத்தினாலும் எரியும். அது ஒவ்வாமை அன்று. போட்ட இடத்தில் லேசான சிவப்பும் அரிப்பும் தோன்றினால் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அதன்மேல் சுண்ணாம்பு தடவிப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்களையும் பார்க்கிறேன். சூடும் வலியும் கூடிச் சீழ் வைத்தால் காத்திருக்கக் கூடாது. உடலெங்கும் தடிப்பு எழும்பி, உதடு வீங்கி, மூச்சு முட்டினால் 108-ஐ அழைக்க வேண்டும். அரிக்கிறது என்பதற்காக இன்சுலினைத் தாமாகவே நிறுத்துவது அரிப்பைவிடப் பெரிய ஆபத்து.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது நம் பக்கத்திலேயே, கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மாத்திரையோடு வீட்டுக்கு வரும் தன்னார்வலர், இன்சுலின் போடுபவர்களிடம் "எந்த இடத்தில் போடுகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டால், என்னைப் போன்றவர்கள் தவறவிடும் தடிப்புகள் பல முன்பே பிடிபடும்.

தடிப்பு கரைய மாதக்கணக்கில் ஆகும். அந்த அம்மாவுக்கு ஐந்து மாதம் கழித்தும் ஓரம் கையில் தட்டுப்படுகிறது. அந்தப் பக்கம் ஊசி போட நான் இன்னும் சொல்லவில்லை.