கலிஃபோர்னியாவிலிருந்து டெக்சாஸ்: வரி உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்?

அமெரிக்காவில் மாநிலம் மாறப்போகிறவர்களின் காதில் முதலில் விழுவது, "டெக்சாஸில் வருமான வரியே கிடையாது" என்பதுதான். அது உண்மை. ஃபுளோரிடா, நெவாடா, டென்னசி, வயோமிங் போன்ற மாநிலங்களும் ஊதியத்துக்கு வரி வாங்குவதில்லை. ஆனால் பள்ளிக்கும் சாலைக்கும் காவல்துறைக்கும் எங்கிருந்தாவது பணம் வந்தாக வேண்டும். அது எந்த வழியாக உங்கள் கையைவிட்டுப் போகிறது என்று பார்க்காமல் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.

மத்திய அரசின் வருமான வரி எங்கே குடியிருந்தாலும் ஒன்றுதான். மாறுவது மாநில வருமான வரி, சொத்து வரி, விற்பனை வரி ஆகியவை.

கலிஃபோர்னியாவின் வருமான வரி 13.3 சதவீதம் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த உச்ச விகிதம் 10 லட்சம் டாலரைத் தாண்டிய வருமானத்துக்குத்தான். ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் சம்பாதித்து, கூட்டாகக் கணக்குத் தாக்கல் செய்யும் ஒரு தம்பதிக்கு 2024-ஆம் ஆண்டு விகிதப்படி மாநில வருமான வரி ஏறத்தாழ 2,200 டாலர். வேலை செய்ய இயலாமல் போனால் உதவும் மாநிலக் காப்பீட்டுத் திட்டத்துக்காக அதே ஆண்டில் ஊதியத்தில் 1.1 சதவீதம், அதாவது 1,100 டாலர், தனியாகப் பிடித்தார்கள். இரண்டும் சேர்ந்து சுமார் 3,300.

இதே தம்பதி டெக்சாஸில் 4 லட்சம் டாலருக்கு வீடு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அங்கே சொத்து வரி ஊருக்கு ஊர் மாறும். 2 சதவீதம் என்று கொண்டால் 8,000 டாலர். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு, சொத்து வரியின் ஒரு பகுதியான பள்ளி வரியில் 1,40,000 டாலர் மதிப்புவரை விலக்கு உண்டு. அதைக் கழித்தாலும் 6,500 டாலரை ஒட்டி வரும். கலிஃபோர்னியாவில் அதே விலைக்கு வாங்கும் வீட்டுக்கு, உள்ளூர்க் கடன் பத்திரங்களுக்கான கூடுதல் வரியையும் சேர்த்து, 5,000 டாலருக்குள் முடிந்துவிடலாம். மிச்சமாகும் என்று நினைத்த 3,300 டாலரில் பாதி இங்கேயே போய்விட்டது.

கலிஃபோர்னியாவில் பல ஆண்டுகளாகச் சொந்த வீட்டில் இருப்பவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆவது முன்மொழிவின்படி, வரிக்கான வீட்டு மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. டெக்சாஸில் குடியிருக்கும் வீட்டுக்கு அந்த உச்சவரம்பு 10 சதவீதம். ஓய்வு பெற்று நிலையான வருமானத்தில் வாழப்போகிறவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. என்னைக் கேட்டால், அவர்கள் வருமான வரியைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வருமானம் 4 லட்சம் டாலர் என்றால் கணக்கே வேறு. அந்தத் தம்பதி கலிஃபோர்னியாவுக்குக் கட்டும் வருமான வரி மட்டும் 28,000 டாலரைத் தாண்டும். சொத்து வரி கூடினாலும் அவர்களுக்கு டெக்சாஸ் நிச்சயம் லாபம். வருமானம் கூடக் கூடத்தான் வரியில்லா மாநிலம் பயன் தருகிறது. நடுத்தர வருமானக் குடும்பத்துக்கு வீட்டு விலையும் வாடகையுமே பெரிய வேறுபாடு, வரியன்று.

விற்பனை வரியில் இந்த இரண்டு மாநிலங்களுக்கும் இடையே அதிக வித்தியாசம் இல்லை. டெக்சாஸில் உள்ளூர் வரியோடு 8.25 சதவீதம் வரை போகும், கலிஃபோர்னியாவில் 7.25-இல் தொடங்கி மேலே போகும். டென்னசிக்குப் போகிறவர்கள் மட்டும் கவனியுங்கள்: அங்கே மளிகைப் பொருளுக்கும் மாநில வரி 4 சதவீதம் உண்டு.

குடிபெயர்ந்த பிறகும் பழைய மாநிலம் கேட்கும் வரிதான் நம்மவர்களுக்கு அதிகம் தெரியாத பகுதி. நிறுவனம் ஊதியத்தோடு தரும் பங்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்எஸ்யு எனப்படும் இந்தப் பங்குகள் ஒதுக்கப்பட்ட நாளிலிருந்து கைக்கு வரும் நாள்வரை கலிஃபோர்னியாவில் எத்தனை நாள் வேலை செய்தீர்களோ, அந்த விகிதத்துக்குக் கலிஃபோர்னியா வரி கேட்கும். நான்கு ஆண்டுகளில் மூன்றை அங்கே கழித்துவிட்டு டெக்சாஸ் போனால், கடைசியில் வரும் பங்குகளில் முக்கால் பங்கு வருமானத்துக்கு வரி அங்கேதான். போன பிறகு புதிதாக ஒதுக்கப்பட்டு, டெக்சாஸிலேயே வேலை செய்து பெறும் பங்குகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கைக்கு வந்துவிட்ட பங்குகளைக் குடிபெயர்ந்த பின் விற்றால் அந்த லாபத்திலும் கலிஃபோர்னியாவுக்குப் பங்கு கிடையாது. வீடு அப்படியன்று, கலிஃபோர்னியாவில் இருக்கும் வீட்டை எங்கிருந்து விற்றாலும், விலக்குப் போக மீதியுள்ள லாபத்துக்கு வரி அங்கேதான்.

நியூயார்க் நிறுவனத்துக்கு வேறு மாநிலத்தில் வீட்டிலிருந்தபடி வேலை செய்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் தேவைக்காக அன்றி உங்கள் வசதிக்காக வெளியே இருந்தால், அந்த நாள்களின் ஊதியத்துக்கும் நியூயார்க் வரி விதிக்கிறது. ஃபுளோரிடாவுக்குப் போயும் வரி குறையாமல் தவிப்பவர்கள் இப்படித்தான் சிக்குகிறார்கள். வேலையை மாற்றாமல் வீட்டை மட்டும் மாற்றப்போகிறீர்கள் என்றால் இதை முன்கூட்டியே கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

ஓய்வூதியத்துக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு. 1996 முதல் நடைமுறையில் உள்ள மத்தியச் சட்டப்படி, 401(கே), ஐஆர்ஏ போன்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குகளிலிருந்து எடுக்கும் பணத்துக்கு நீங்கள் குடியில்லாத மாநிலம் வரி விதிக்க முடியாது. அந்தப் பணத்தை எங்கே உழைத்துச் சேர்த்தீர்கள் என்பது பொருட்டன்று.

குடிபெயர்வு மெய்யானதாக இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவு, குடிமக்களாக இருந்தால் வாக்காளர் பதிவு, பிள்ளைகளின் பள்ளி, மருத்துவர் எல்லாம் புதிய இடத்துக்கு மாற வேண்டும். நியூயார்க்கில் நிரந்தரமாகத் தங்க ஒரு வீட்டை வைத்துக்கொண்டு ஆண்டில் 183 நாள்களுக்கு மேல் அங்கே கழித்தால், வேறு எங்கே குடியிருப்பதாகச் சொன்னாலும் முழு ஆண்டுக்கும் நியூயார்க் வாசியாகவே கருதுவார்கள். பயணச்சீட்டு, வாடகை ஒப்பந்தம், சாமான் ஏற்றிய வண்டியின் ரசீது ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். கேள்வி வரும்போது நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

மாறிய ஆண்டில் பழைய மாநிலத்துக்குப் பகுதி ஆண்டுக் குடியிருப்பாளராகக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். புதிய மாநிலத்திலும் வருமான வரி உண்டென்றால் அங்கேயும் ஒன்று. முகவரி மாறிய அன்றே நிறுவனத்தின் ஊதியப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். தாமதித்தால் பழைய மாநிலத்துக்கே பிடித்தம் போய்க்கொண்டிருக்கும். அதைத் திரும்பப் பெற அடுத்த ஆண்டுக் கணக்குத் தாக்கல்வரை காத்திருக்க வேண்டும்.