எடையையே துணையாக்கிக்கொள்ளும் லேத்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று வீசும்போது, முப்பந்தல் காற்றாலைகளின் தலைகள் காற்று வரும் திசைக்கு மெல்லத் திரும்பிக்கொள்கின்றன. பல டன் எடையுள்ள அந்தத் தலையைத் தாங்கித் திரும்பவிடுவது கோபுர உச்சியில் உள்ள எஃகு வளையம். ஒரு பெரிய பேரிங். பெரிய காற்றாலைகளில் அதன் விட்டம் ஓர் ஆள் உயரத்தைத் தாண்டும். இறகுகளை வியந்து பார்க்கும் நாம், இப்படியொரு வளையத்தை எப்படிக் கடைந்திருப்பார்கள் என்றும் கேட்க வேண்டும்.

நாகர்கோவில் பட்டறைகளில் நாம் பார்க்கும் சாதாரண லேத், அதாவது பொருளைச் சுழலவிட்டுக் கடையும் இயந்திரம், படுத்த வாக்கில் இருப்பது. குளச்சல் விசைப்படகின் புரொப்பல்லர் தண்டு போல நீண்டு ஒல்லியான பொருளுக்கு அதுவே ஏற்றது. ஆனால் 1 மீட்டர் விட்டமும் 20 செ.மீ. தடிமனும் உள்ள வார்ப்பிரும்புத் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஏறத்தாழ 1,100 கிலோ. படுத்த லேத்தில் பொருளைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் மாட்டினால் அவ்வளவும், சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் முனையில் தொங்கும். நீர்க்குடத்தை நீட்டிய கையில் பிடிப்பதற்கும் இடுப்பில் இருத்திக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வருகிறது.

செங்குத்து டர்ரெட் லேத்தில் சக், தரைக்கு இணையான வட்ட மேசையாகக் கிடக்கிறது. கிரேன் இறக்கும் பொருள் தன் எடையாலேயே அதில் அழுந்தி உட்காருகிறது. மேசைக்கு அடியிலுள்ள அகன்ற பேரிங் பாரத்தை வாங்கிக்கொள்கிறது. சக்கின் பிடிதாடைகளான ஜாக்களுக்குப் பொருளைத் தூக்கிப் பிடிக்கும் வேலை இல்லை. நகராமல் பிடித்தால் போதும்.

மேசை பொருளோடு சுழல, மேலே குறுக்குச் சட்டத்தில் நகரும் டர்ரெட், அதாவது பல டூல்களைத் தாங்கித் திரும்பும் தலை, வெட்டும் டூலைக் கீழே இறக்குகிறது. அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் புல்லார்ட் நிறுவனம் பெயர்பெறச் செய்த பழைய வடிவத்தில் டர்ரெட்டுக்கு ஐந்து முகங்கள். முகத்துக்கு ஒரு டூல். பொருளின் மேல்பரப்பான முகப்பைச் சமன்செய்துவிட்டு டர்ரெட்டைத் திருப்பினால் துளையைக் கடையும் டூல் வந்து நிற்கும். பக்கவாட்டில் உள்ள இன்னொரு டூல் தலை அதே நேரத்தில் வெளிவிட்டத்தையும் கடையும். நேரம் மிச்சமாவது இதில் சிறிய ஆதாயம்தான். பொருளைக் கழற்றாமலே துளை, முகப்பு, வெளிவிட்டம் மூன்றும் ஒரே அச்சில் அமைவதே பெரியது. கழற்றி மாட்டினால் மையம் எளிதில் விலகும். விலகலைக் காட்டும் டயல் கேஜின் முள்ளைப் பார்த்துப் பார்த்து மீண்டும் தட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

வெட்டும் வேகத்திலும் ஒரு கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 100 மீட்டர் வேகத்தில் வெட்ட, 1 மீட்டர் விட்டத்தில் மேசை நிமிடத்துக்கு 32 சுற்று சுற்றினால் போதும். டூல் 20 செ.மீ. விட்டத்துக்கு வந்துவிட்டால் 159 சுற்று தேவை. கணினி வழி இயங்கும் இயந்திரங்கள் டூல் உள்ளே நகர நகர மேசையின் வேகத்தைத் தாமே கூட்டிக்கொள்கின்றன.

ஆனால் கைத்திறன் வெட்டுவதைவிடப் பிடிப்பதில்தான் அதிகம் வேண்டும் என்பேன். மெல்லிய வளையத்தை மூன்று ஜாக்கள் இறுக்கினால், கண்ணுக்குத் தெரியாமல் மூன்று இடத்தில் உள்வாங்கும். அந்த நிலையில் எவ்வளவு சுத்தமான வட்டமாகக் கடைந்தாலும், ஜாவைத் தளர்த்தியதும் வளையம் விரிந்து வட்டம் குலைந்துவிடும். அதனால் முரட்டு வெட்டு முடிந்ததும் ஜாக்களைத் தளர்த்தி, வளையத்தை அதன் போக்கில் விட்டு, பிறகு இலேசாகப் பிடித்துக் கடைசி வெட்டை வெட்டுவார்கள்.

படுத்த லேத்தில் கீழே கொட்டிவிடும் இரும்புத் துகள் இங்கே துளைக்குள்ளேயே தேங்கும். அவ்வப்போது அகற்றாவிட்டால் டூலுக்கு அடியில் சிக்கிப் பரப்பைக் கீறும்.

அளப்பதிலும் அவசரம் கூடாது. 1 மீட்டர் விட்டமுள்ள வார்ப்பிரும்பு, 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 0.11 மி.மீ. விரியும். வெட்டிய சூட்டோடு மைக்ரோமீட்டரை வைத்து அளவு சரி என்று இறக்கிவிட்டால், ஆறியபின் துளை சுருங்கியிருக்கும். எனவே பொருளும் அளவுக் கருவியும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருந்து, அதன்பிறகே கடைசி அளவை எடுக்கிறார்கள்.