வீடற்றவர்களைப் பற்றிய திரைப்படங்களும் நம் லயத்துக் காம்பராக்களும்

இலங்கையின் மலையகத்தில் ஹட்டனையும் நுவரெலியாவையும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் உளசமூகப் பணியாளராக வேலை செய்யும் நான், இளைஞர் குழுக்களோடு பேச அமரும்போதெல்லாம் முதலில் ஒரு கேள்வியைக் கேட்பது வழக்கம்: வீடில்லாத மனிதரைப் பற்றி நீங்கள் பார்த்த படம் எது? பெரும்பாலும் வரும் விடை, 2016 இல் சசியின் இயக்கத்தில் வெளியான 'பிச்சைக்காரன்'. தாய் உயிர் பிழைக்க வேண்டும் என்பதற்காக 48 நாட்கள் பிச்சையெடுத்து வாழும் செல்வந்தரின் கதை அது. அன்போடு எடுக்கப்பட்ட படம்தான். ஆனால் அந்த நாயகனுக்குத் திரும்பிப் போக ஒரு மாளிகை இருக்கிறது. அதைவிட என்னை உறுத்துவது, வீடற்றவர் என்றாலே கையேந்துபவர் என்ற எண்ணம் இளைஞர்களிடம் அந்தப் படத்தோடு சேர்ந்து பதிந்துவிடுவது. நான் சந்தித்தவர்களில் பலர் விடியற்காலையில் மரக்கறி மூட்டை இறக்குபவர்கள், சாப்பாட்டுக் கடைகளில் பாத்திரம் கழுவுபவர்கள். இரவில் படுக்க மட்டும் அவர்களுக்கு இடமில்லை.

பாலாவின் 'நான் கடவுள்' (2009) பிச்சையெடுக்க வைக்கப்படும் மனிதர்களை விற்பனைப் பொருளாக நடத்தும் கொடுமையைத் துணிந்து காட்டியது. அதற்காக அவருக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதும் கிடைத்தது. இருந்தும் அதை நான் இளைஞர்களுக்குத் திரையிடுவதில்லை. அதைப் பார்த்தபின் கோயில் வாசலில் அமர்ந்திருப்பவர் எவரைக் கண்டாலும் அவருக்குப் பின்னால் ஒரு கும்பல் இருப்பதாக நினைத்து விலகிப் போகும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

எங்கள் மலையகத்துக்கு மிக நெருக்கமாக நான் உணர்ந்த படம் அமெரிக்காவிலிருந்து வந்தது. குளோயி ஜாவோ இயக்கிய 'நோமட்லேண்ட்' (2020), நெவாடா மாநிலத்தில் எம்பயர் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. அங்கிருந்த ஜிப்சம் பலகைத் தொழிற்சாலை 2011 இல் மூடப்படுகிறது. வீடுகள் நிறுவனத்துக்குரியவை என்பதால் வேலை போனவர்கள் வீட்டையும் விட்டு வெளியேறுகிறார்கள். சில மாதங்களில் அந்த ஊரின் அஞ்சல் குறியீட்டு எண்ணே நீக்கப்படுகிறது. கணவனையும் இழந்த ஃபெர்ன் என்ற பெண், ஒரு வேனையே வீடாக்கிக்கொண்டு பருவகால வேலைகளைத் தேடி ஊர் ஊராகப் போகிறாள். படத்தில் வரும் வேன்வாசிகள் பலர் உண்மையிலேயே அப்படி வாழ்பவர்கள்.

இதைத் திரையிட்ட ஒரு மாலையில், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் எழுந்து, "இது நம்ம கதைதானே" என்றார். அவர் சொன்னதில் மிகையில்லை. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பிறகும், லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடுகளில், தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் கையில் காணி உறுதி இல்லை. செக்ரோல் எனும் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில் பேர் இருக்கும்வரை, காம்பரா எனும் அந்த லயத்து அறையில் இருப்பதை யாரும் கேட்பதில்லை. பேர் வெட்டப்பட்டால், அல்லது கொழும்புக்கு வேலைக்குப் போய்ப் பல வருடங்கள் கழித்துத் திரும்பினால், அங்கே தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்பது எவருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை. வீட்டிலக்கம் இல்லாமல் தோட்டத்தின் பெயரை மட்டுமே முகவரியாகக் கொண்டு வளர்ந்தவர்களுக்கு, ஓர் ஊரின் அஞ்சல் எண் நீக்கப்படும் செய்தியை விளக்க வேண்டியிருக்கவில்லை.

'த பர்சூட் ஆஃப் ஹேப்பினெஸ்' (2006) படத்தையும் பலர் கேட்பார்கள். தந்தையும் மகனும் ரயில் நிலையத்துக் கழிப்பறையில் இரவைக் கழிக்கும் காட்சியில் நானும் அழுதிருக்கிறேன். உழைத்தால் எவரும் மீளலாம் என்று மட்டும் அதற்குப் பொருள் கொண்டால், மீள முடியாதவர் உழைக்கவில்லை என்றாகிவிடும். படத்தைப் பார்த்து முடித்தவர்களிடம் இதைச் சொல்லி வைக்கிறேன்.

நதீன் லபாக்கியின் 'கப்பர்நாயும்' (2018) படத்தை ஒவ்வோர் ஆண்டும் திரையிடுகிறேன். பெய்ரூட் நகரத்துச் சிறுவன் ஸெயின், தன்னைப் பெற்றதற்காகப் பெற்றோர்மீதே வழக்குத் தொடுக்கிறான். அவனுடைய பிறப்பு பதியப்படவில்லை. வயதைக்கூடப் பல்லைப் பார்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள். வெளிநாடு போக ஆவணம் தேடி வீட்டுக்கு வரும்போது, தன் பெயரில் ஒரு தாளும் இல்லை என்று அறிகிறான். அந்தப் பாத்திரத்தில் நடித்த சிறுவனும் சிரியாவிலிருந்து அகதியாக வந்தவன். கடைசிக் காட்சியில் ஆவணத்துக்காகப் படம் எடுக்கும்போது அவன் முதன்முறையாகச் சிரிக்கிறான். 1948 ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை இழந்து, எஞ்சியிருந்தோர் 2003 இல் வந்த சட்டத்தால்தான் அதைப் பெற்ற மலையகத் தமிழ்ச் சமூகத்தில், அந்தச் சிரிப்பைப் பார்த்து அரங்கம் அமைதியாகிவிடுவதில் வியப்பில்லை.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு தை மாதம், பஸ் நிலையத்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்த ஓர் அம்மாவைச் சந்தித்தேன். நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அந்த மாதங்களில் கொழுந்தின்மேல் உறைபனி படியும் இரவுகள் உண்டு. வெயிலில் எடுக்கப்பட்ட நடைபாதைக் காட்சிகளைப் பார்த்துப் பழகிய நாம், குளிரும் உயிரைப் பறிக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். பதினான்கு வயதில் கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டு, உடம்பு முடியாமல் போனபின் திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். "காம்பரா இருக்கு மிஸ். தம்பி குடும்பம் ஏழு பேரு அதுல. நான் எங்க போய்ப் படுக்க?" என்றார். அடையாள அட்டை கிடையாது. அது இல்லாததால் எந்தக் கொடுப்பனவும் இல்லை. ஓர் அலுவலகத்தில் முகவரியில்லாமல் விண்ணப்பம் எடுக்க மாட்டோம் என்று எங்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

இப்படியொருவரைக் கண்டால் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் தெரிவியுங்கள். மனக்குழப்பம் தெரிந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும், சிறுவர் என்றால் 1929 என்ற இலக்கத்தையும் அழையுங்கள். அவரிடம் கேட்காமல் படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். அலைந்து திரிவதையே குற்றமாக்கிய 1841 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் நிழல் இந்த மக்களின் மனதில் இன்னும் இருக்கிறது. சீருடையைக் கண்டதும் அவர்கள் எழுந்து ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த அம்மாவின் பெயரைத் தோட்டப் பாடசாலையின் பழைய சேர்வுப் பதிவேட்டில் கண்டுபிடித்தோம். அதை வைத்துக் காலங்கடந்த பிறப்புப் பதிவு, அதன்பின் கிராம உத்தியோகத்தரின் சான்று என்று ஏறத்தாழ ஒரு வருடம் நடந்தோம். முகவரிக்குத் தம்பி தன் காம்பராவைக் கொடுக்கச் சம்மதித்தார். உள்ளே இடமில்லை என்பதால் இஸ்தோப்பு எனும் முன்திண்ணையின் ஒரு பக்கத்தைத் தகரம் அடித்து மறைத்து, பலகைக் கட்டில் ஒன்றும் போட்டுக் கொடுத்தார். அட்டை வந்த அன்று அந்த அம்மா அதிலிருந்த முகவரியை என்னை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.