வெளுத்த இலை எல்லாம் புது ரகம் இல்லீங்க

போன செவ்வாய்க்கிழமை காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். மஞ்சப்பைக்குள் ஆறு இஞ்ச் தொட்டி, தொட்டிக்குள் பீஸ் லில்லி என்கிற வெள்ளைப் பூ பூக்கும் அலங்காரச் செடி, இலையெல்லாம் வெளிர் மஞ்சள். "சார், இது இயற்கையாவே மியூட்டேஷன் ஆன புது ரகமாம். ஆன்லைன்ல 4,200 ரூபாய் குடுத்து வாங்கினேன். கன்னு பிரிச்சு விக்கலாமா?" என்று கேட்டார். நான் லென்ஸைக்கூட எடுக்கவில்லை. புது இலைகளில் நரம்பு மட்டும் பச்சை, நரம்புக்கு நடுவெல்லாம் மஞ்சள். இரும்புச்சத்துக் குறைபாடு, அவ்வளவுதான். "அக்கா, இதுக்கு இரும்பு டானிக் ஊத்தினா வர்ற இலையெல்லாம் பச்சையா வந்துடும், உங்க புது ரகம் பழைய ரகமாயிடும்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டார். மகளிர் குழுவில் கடன் எடுத்து வாங்கினாராம்.

இந்த வருஷத்தில் எனக்கு வந்த பதினோராவது தொட்டி இது. பொறுமை போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன். ஓசூர்ப் பக்கம் டிஷ்யூ கல்ச்சர் லேபில், அதாவது செடித் திசுவிலிருந்து கன்று வளர்க்கிற இடத்தில், ஒன்பது வருஷம் இருந்துவிட்டு இப்போது கிருஷ்ணகிரி, தருமபுரி நர்சரிகளுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பவன் நான். மியூட்டேஷனே, அதாவது சடுதி மாற்றமே, பொய் என்று சொல்ல வரவில்லை. பீஸ் லில்லியில் இலை முழுக்க வெள்ளை தெளித்த மாதிரி இருக்கும் டாமினோ, பெரிய பெரிய வெள்ளைத் திட்டோடு வரும் பிகாசோ எல்லாம் உலகம் பூராவும் விற்கிற நிஜமான ரகங்கள். ஒரு மொட்டில் சடுதி மாற்றம் நடப்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதும் இல்லை. செவ்வாழை போட்டவரைக் கேளுங்கள், சிவப்புத் தார் வரவேண்டிய மரத்தில் பச்சைத் தார் தள்ளியதைப் பார்த்திருப்பார். அனாபெசாகி திராட்சைக் கொடியில் ஒரு கிளை மாறி வந்ததைப் பிரித்தெடுத்துத்தான் தில்குஷ் ரகமே வந்தது.

என் எரிச்சல் வேறு இடத்தில். ஒரு இலை விசித்திரமாக வந்தால் அது புது ரகம் என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இதை எத்தனை தடவை சொன்னாலும் ஏறமாட்டேன் என்கிறது. விசித்திரமான இலை என்பது ஒரு இலை. மாற்றம் என்பது அந்த இலைக்குப் பின்னாலிருக்கும் குருத்தில் நடக்கவேண்டிய விஷயம். ரகம் என்பது அந்தக் குருத்திலிருந்து வரும் கன்று, அந்தக் கன்றின் கன்று, அதன் கன்று எல்லாம் ஒரே மாதிரி வந்தபிறகு நாம் வைக்கிற பெயர். மூன்றும் மூன்று சமாச்சாரம். உங்கள் தொட்டியில் இருப்பது பெரும்பாலும் முதலாவது, எப்போதாவது இரண்டாவது. மூன்றாவது ஒரு தொட்டியில் இருக்கவே முடியாது, ஏனென்றால் ஒரு தொட்டியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஒரு பையன் ஒரு பரீட்சையில் நூறு வாங்கிவிட்டான் என்று வாசலில் டாக்டர் போர்டு மாட்டுவோமா?

நிஜமாகப் புது ரகம் கண்டுபிடிக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் செடிக்குக் காப்புரிமை 1930-லிருந்து இருக்கிறது. அங்கே பீஸ் லில்லிக்கு விண்ணப்பம் போடுகிறவர், வளர்ப்புச் செடிகளுக்கு நடுவே மாறி நின்ற ஒரு செடியைப் பார்த்தேன், அதை விதையில்லாமல், திசு வளர்ப்பு மாதிரி வழியில் பெருக்கினேன், அடுத்தடுத்த தலைமுறையிலும் குணம் மாறவில்லை என்று காட்டவேண்டும். காட்டில் தானாகக் கிடந்த செடி என்றால் அந்தக் காப்புரிமையே கிடையாது. இலை நிறத்தைக்கூட 'அழகான பச்சை' என்று எழுதினால் போதாது, லண்டன் தோட்டக்கலைச் சங்கத்தின் நிற அட்டையை இலை பக்கத்தில் வைத்துப் பார்த்து எண் போட்டு எழுதுவார்கள். நம் நாட்டில் பயிர் ரகங்களையும் உழவர் உரிமையையும் பாதுகாக்கிற 2001-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதில் புது ரகம் என்று பதிவு செய்ய புதுமை, தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை என்ற நான்கும் தேறவேண்டும். தேறினால் மரம், கொடி தவிர்த்த பயிர்களுக்கு 15 வருஷம் உரிமை. அரசு அறிவிக்கை செய்த பயிரினங்களுக்கு மட்டும்தான் இது, ஆகவே ஓடுவதற்கு முன்னால் பட்டியலைப் பாருங்கள். இதெல்லாம் தாண்டியது எதுவும் வாட்ஸ்அப் குழுவில் 'லாஸ்ட் 2 பீஸ்' என்று வராது.

லேபில் இருந்தபோது மாறி வந்த செடிகளை 'ஆஃப் டைப்' என்று ட்ரே ட்ரேயாகக் கொட்டியிருக்கிறேன். குட்டை, தடித்த இலை, கோணல் இலை, வெள்ளைக் கோடு. அன்றைக்குக் குப்பை, இன்றைக்கு அதற்குப் பெயர் 'ரேர்'. சரி, அது என் வயிற்றெரிச்சல், விடுங்கள்.

வெள்ளைப் பூ பச்சையாக மாறிவிட்டது, புது ரகமா என்று கேட்டு போட்டோ அனுப்பாதீர்கள். தயவு செய்து. பீஸ் லில்லிப் பூ வயசானால் பச்சையாகும், எல்லா ரகத்திலும் ஆகும். அப்புறம் ஒரே காம்பில் இரட்டை மடல், நசுங்கிய மடல் வந்தால் நர்சரிக்காரர் சீக்கிரம் பூக்கட்டும் என்று ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியை அடித்திருப்பார். திராட்சைக்காரர்கள் ஜி.ஏ. என்று சொல்வார்களே, அதுவேதான். மருந்து வேகம் போனதும் அடுத்த பூ ஒழுங்காக வந்துவிடும்.

நம் இரண்டு மாவட்டத்துக்கும் தனியாக ஒரு தொல்லை உண்டு, தண்ணீர். போர் தண்ணியில் உப்பும் சுண்ணாம்பும் ஏற ஏற தொட்டி மண் களர்த்தன்மை ஆகி, இரும்பு மண்ணிலேயே இருந்தும் வேருக்குக் கிடைக்காது. அந்த அக்காவின் தொட்டி விளிம்பில் விரலால் சுரண்டினேன், வெள்ளைப் பொருக்கு பெயர்ந்து நகத்தில் ஒட்டியது. புளோரைடு வேறு. பல்லில் கறை படிகிற அளவுக்கு அது இருந்ததால்தானே ஒகேனக்கல் தண்ணீரைக் குழாய் போட்டு ஊர் ஊராகக் கொண்டுவந்தார்கள்? மனுஷனுக்குக் கறை, பீஸ் லில்லிக்கு இலை நுனி கருகல். அந்தக் கருகலை 'பிரவுன் டிப் வெரைட்டி' என்று ஒருவர் விற்றதை இந்தக் கண்ணால் பார்த்தேன். மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றுங்கள். இரும்பு வாங்கும்போது இ.டி.டி.ஏ. (EDTA) வகை வேண்டாம், நம் தண்ணிக்கு நிற்காது, இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று கேட்டு வாங்குங்கள்.

இதுவரை சொன்னதில் போவது பணம் மட்டும். இனிமேல் சொல்வதற்குத்தான் நான் நிஜமாகப் பயப்படுகிறேன். பதினோரு தொட்டியில் இரண்டு வைரஸ். தஷீன் மொசைக் என்று ஒன்று, சேப்பங்கிழங்குக் குடும்பத்தையே பிடிக்கும். பீஸ் லில்லி பெயரில்தான் லில்லி, அதன் பங்காளிகள் எல்லாம் சேப்பங்கிழங்கும் சேனையும் ஆந்தூரியமும்தான். சேனை நறுக்கினால் கை அரிக்கிறதே, பீஸ் லில்லி இலையிலும் அதே ஊசிப் படிகம் உண்டு, கன்று பிரித்தால் கையைக் கழுவுங்கள், குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வைரஸ் வந்த இலையில் இறகு மாதிரி வெளிர் கோடு ஓடும், பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதுதான் வினையே. அழகு என்று பிரித்துப் பிரித்து வைப்பீர்கள், கத்தியில் பரவும், அசுவினிப் பூச்சி மீதியைப் பார்த்துக்கொள்ளும், பின்பக்கம் சேனை போட்டிருந்தால் அங்கேயும் போகும். வைரஸுக்கு மருந்து கிடையாது. பிடுங்கி எரிப்பதுதான் வைத்தியம்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று கேட்பீர்கள். நிஜ மாற்றத்தில் திட்டின் ஓரம் கத்தரித்த மாதிரி இருக்கும், இலை சுருள் விரியும்போதே இருக்கும், ஒரே குருத்தின் அடுத்தடுத்த இலைகளில் தொடரும், பக்கத்துக் குருத்து பச்சையாகவே நிற்கலாம், உரத்துக்கு அசையாது. எல்லாக் குருத்தும் ஒன்றாக வெளுத்தால் அது பசி. கீழ் இலையின் ஓரம் மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். மேற்கு வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்தால் வெயில். திட்டுக்கு ஓரமே இல்லாமல் மங்கலாகக் கலைந்து, இலையும் கோணினால் தனியாக வையுங்கள், மற்ற செடியைத் தொட்ட கையோடு அதைத் தொடாதீர்கள், அதைத் தொட்ட கையோடு மற்றதைத் தொடவே தொடாதீர்கள். வாங்குவதற்கு முன் தாய்ச்செடியின் போட்டோவும் அதிலிருந்து பிரித்த மூன்று கன்றுகளின் போட்டோவும் கேளுங்கள். விற்கிறவர் கோபப்பட்டால் உங்கள் காசு மிச்சம். விதை என்று பாக்கெட் வந்தால் பதில்கூடப் போடாதீர்கள், வெள்ளைத் திட்டு விதையில் அப்படியே வராது.

நிஜமாக ஒன்று கிடைத்துவிட்டால்? பாலக்கோட்டிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கொண்டுவந்தான், பதினோரு தொட்டியில் அது ஒன்றுதான் எனக்கு நாடி துடித்த தொட்டி. ஐந்து குருத்தில் ஒன்று மட்டும், நடு நரம்புக்கு இடப்பக்கம் பால் வெள்ளை, வலப்பக்கம் கரும்பச்சை, கோடு பிடித்து வரைந்த மாதிரி. உரம் மாற்றினோம், தண்ணீர் மாற்றினோம், அசையவில்லை. பெயர்கூட யோசித்துவிட்டான், அவன் அம்மா பெயர். நான் சொன்னது இவ்வளவுதான்: அந்தக் குருத்தை வேரோடு பிரித்துத் தனியாக வை, பச்சைக் கன்று வந்தால் உடனே கிள்ளு, இல்லாவிட்டால் பச்சை ஜெயித்துவிடும், வெள்ளையில் பச்சையம் இல்லை, அதற்குச் சமைக்கத் தெரியாது. மூன்று தலைமுறைக் கன்று பார்க்கும்வரை யாருக்கும் விற்காதே, யாரிடமும் பீற்றாதே.

நேற்று ராத்திரி போட்டோ அனுப்பினான். நாலாவது இலையில் வெள்ளை விரல் அகலத்துக்குத்தான் இருக்கிறது. அடியிலிருந்து முழுப் பச்சையாக ஒரு கன்று கிளம்பியிருக்கிறது. கிள்ளச் சொன்னேன். மனசு வரவில்லை, காலையில் பார்க்கிறேன் அண்ணா என்று பதில் போட்டிருக்கிறான்.