அற்றோணித் தத்துவம் கையில் இருந்தால் வழக்கு உங்களுடையதாகிவிடுமா?

திருகோணமலையில் காணிப் பிரச்சினையோடு சட்டத்தரணியான என்னிடம் வருபவர்களில் பலர் அந்தக் காணிக்குச் சொந்தக்காரர்கள் அல்லர். சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ இருக்கும் தம்பி அல்லது மருமகன், சொந்தக்காரர் தன் சார்பில் செயற்பட அதிகாரம் அளித்து எழுதிக்கொடுத்த, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருக்கும் தாளை மேசையில் விரித்து, “ஐயா, அற்றோணித் தத்துவம் என்னிடம் இருக்கிறது. என் பெயரிலேயே வழக்கைப் போடுங்கள்” என்பார்.

அந்தப் பெயரில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இப்படி ஒருவர், தோற்றுப்போன வழக்கின் கோப்போடு என்னிடம் வந்தார். வெளிநாட்டில் இருக்கும் அக்காவின் வளவுக்குள் அயலவர் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார். தம்பி பதறிப்போய், தன்னையே வழக்காளியாகக் காட்டி வழக்குத் தாக்கல் செய்திருந்தார். “இந்தக் காணியில் உமக்கு என்ன உரித்து?” என்று எதிராளியின் சட்டத்தரணி கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. உறுதியில் இருந்தது அக்காவின் பெயர். அலைந்த தவணைகளும் செலவழித்த பணமும் வீணாயின. அதைவிட எனக்கு அச்சமூட்டியது காலம். 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிரான தடையற்ற ஆட்சி, அதாவது காணியைத் தன்னுடையதாக வைத்து அனுபவிப்பது, 10 ஆண்டுகள் நீடித்தால், வேலியைத் தள்ளியவரே உரித்துக் கோரலாம். உரித்தில்லாத ஒருவர் போட்ட வழக்கு அந்தக் கணக்கை நிறுத்திவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

தத்துவம் பெற்றவர் உரிமையாளரின் கையாக இயங்குகிறார். உரிமை அவருக்குக் கைமாறுவதில்லை. ஆகவே வழக்காளி அக்காதான். வழக்கைத் தொடங்கும் பத்திரமான முறைப்பாட்டில் அக்காவின் பெயரை எழுதி, “அவரது அற்றோணித் தத்துவக்காரர் மூலம்” என்று தம்பியைக் காட்ட வேண்டும்.

குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 25 ஆம் பிரிவு இன்னும் சிலவற்றைக் கேட்கிறது. தத்துவம் வழங்கியவர் அந்த நீதிமன்றத்தின் நியாயாதிக்க எல்லைக்குள் வசிக்காதவராக இருக்க வேண்டும். நகருக்குள்ளேயே இருந்துகொண்டு, அலைய முடியவில்லை என்பதற்காக மகனை அனுப்ப இந்தப் பிரிவு வழிவிடாது. வழங்கப்பட்டது, ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் என்றில்லாத பொதுத் தத்துவமாக இருப்பதோடு, நீதிமன்றத்தில் தோன்றவும் விண்ணப்பிக்கவும் அதிகாரம் தர வேண்டும். “காணியைப் பராமரிக்கவும் விற்கவும்” என்று மட்டும் எழுதிய பத்திரத்தைக் கொண்டுவந்து வழக்குப் போடச் சொல்பவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பத்திரத்தையோ அதன் சான்றுபடுத்திய பிரதியையோ நடவடிக்கைக்கு முன்பே நீதிமன்றக் கோப்பில் சேர்க்கவும் வேண்டும். தத்துவத்தின் பதிவு வேறு விடயம். 1902 ஆம் ஆண்டின் அற்றோணித் தத்துவக் கட்டளைச் சட்டம் 2022 இல் திருத்தப்பட்டிருப்பதால், பழைய பத்திரம் வைத்திருப்பவர்கள் அதை ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிடுங்கள்.

சாட்சியத்திலும் ஓர் எல்லை உண்டு. வேலி நகர்ந்ததைக் கண்ணால் கண்ட தம்பி அதைச் சொல்லலாம். அவர் இல்லாத இடத்தில் அக்காவுக்கும் காணியை விற்றவருக்கும் இடையே நடந்த பேச்சை அவர் எப்படிச் சொல்வார்? வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும் என்பது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 60 ஆம் பிரிவு. அத்தகைய வழக்குகளில் உரிமையாளரே ஒருமுறை வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னை மிகவும் வருத்தியது இன்னொரு வழக்கு. லண்டனில் தாய் இறந்து மாதங்கள் கடந்தும், அவரது தத்துவத்தோடு மகன் தவணைக்கு வந்துகொண்டிருந்தார். தத்துவம் வழங்கியவர் இறந்த கணமே அது செயலிழந்துவிடும். அதன்பின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 395 ஆம் பிரிவின்படி சட்டப் பிரதிநிதி விண்ணப்பித்து, இறந்தவரின் இடத்தில் தன் பெயரைச் சேர்க்க வேண்டும். மகனுக்கு அது தெரியாது, யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது ஒவ்வொரு தவணைக்கும் முதல்நாள் தொலைபேசியில் அழைத்து, கோப்பைப் பற்றிப் பேசும் முன், “அம்மாவோடு கடைசியாக எப்போது பேசினீர்கள்?” என்று கேட்கிறேன்.