பிரஸ்ஸல்ஸ் பட்டியலும் திருப்பூர் பையர் மெயிலும்

2024 செப்டம்பரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி போன் பண்ணினார். "ஏனுங்க, ஐரோப்பாவுல புதுச் சட்டம் வந்துருச்சாமே, நூல் எங்க வாங்குனோம், சாயம் எங்க போட்டோம், எல்லாத்துக்கும் கணக்குக் கேப்பாங்களாமே?" என்றார். வாட்ஸப்பில் வந்த ஒரு பிடிஎஃப், அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு ஆலோசனை நிறுவனத்தின் போன் நம்பர். நான் பேசுவதற்குள் அவர் அங்கே முன்பணம் கட்டிவிட்டிருந்தார்.

சட்டம் வந்தது உண்மைதான். பெரிய நிறுவனங்கள் தங்கள் சப்ளை செயினில் தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல் பாதிப்பு இரண்டையும் கவனிக்கவேண்டும் என்கிற ஆணை 2024 ஜூலை 25-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அன்றைய வடிவில் அது நேரடியாகப் பிடித்தது ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்து, 45 கோடி யூரோவுக்கு மேல் வியாபாரம் செய்யும் ஐரோப்பிய நிறுவனங்களை. வெளிநாட்டு நிறுவனம் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே அந்த அளவு வியாபாரம் இருக்கவேண்டியிருந்தது. நம்ம ஆளுக்கு அது பையர் மெயிலாகத்தான் வந்துசேரும், அதுவும் உடனே அல்ல. அதைவிட முக்கியமான ஒன்று அதற்கு ஒரு வாரம் முன்பே நடந்திருந்தது, அதைத்தான் யாரும் ஃபார்வர்டு பண்ணவில்லை.

ஜூலை 18 அன்று உர்சுலா வான் டெர் லேயனை, ஒன்றியத்தின் சட்டங்களை முன்மொழியும் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராக ஐரோப்பிய நாடாளுமன்றம் இரண்டாம் முறை தேர்ந்தெடுத்தது. தேவை 360 ஓட்டு, கிடைத்தது 401. (2019-இல் வெறும் ஒன்பது ஓட்டில் தப்பித்தவர்.) அன்று காலையில் அவர் வைத்த அரசியல் வழிகாட்டு ஆவணத்தில் முதல் தலைப்பே வளமும் போட்டித்திறனும். 2019-இன் முன்னுரிமைப் பட்டியலில் முதலிடம் பசுமை ஒப்பந்தம் என்கிற சுற்றுச்சூழல் திட்டத்துக்கு இருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிடவில்லை, இடம்தான் மாறியது. இந்த மாதிரி ஆவணத்தில் இடம் மாறினாலே போதும், அடுத்த ஐந்து வருடம் எந்தப் பக்கம் காற்றடிக்கும் என்று தெரிந்துவிடும்.

இந்தப் பட்டியலை ஒரே ஆள் உட்கார்ந்து எழுதுவதில்லை. தேர்தல் முடிந்த கையோடு 27 நாட்டுத் தலைவர்களும் கூடி ஐந்து வருடத்துக்கான வியூகத் திட்டம் ஒன்றை ஒத்துக்கொள்கிறார்கள். 2024-இல் அது ஜூன் 27. சுதந்திரமும் ஜனநாயகமும், வலிமையும் பாதுகாப்பும், வளமும் போட்டித்திறனும் என்று மூன்றே தலைப்பு, யாரும் எதிர்க்கமுடியாத பொதுவான வார்த்தைகள். ஆணையத் தலைவர் பதவிக்கு நிற்பவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நாடாளுமன்றக் கட்சிக் குழுக்களிடம் போய் உட்காரும்போதுதான் பட்டியல் உண்மையில் எழுதப்படுகிறது, ஏனென்றால் ஓட்டு அவர்களிடம் இருக்கிறது, அதுவும் ரகசிய ஓட்டு. ஒரு குழு ராணுவப் பாதுகாப்புக்குத் தனி ஆணையர் (நம் ஊர் அமைச்சர் மாதிரி) கேட்கும், இன்னொரு குழு வீட்டுவசதிக்குக் கேட்கும். இரண்டும் இந்தமுறை கிடைத்தன. நம் ஊரில் கூட்டணிக்காகத் தேர்தல் அறிக்கையில் வரி சேர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுசாக ஒன்றும் இருக்காது.

அப்புறம் வருடாவருடம் செப்டம்பரில் ஆணையத் தலைவர் நாடாளுமன்றத்தில் உரை ஆற்றுவார், பொதுவாக அக்டோபரில் ஆணையத்தின் அடுத்த வருடத்துக்கான வேலைத்திட்டம் வரும். 2016-இல் மூன்று அமைப்புகளும் போட்ட ஒப்பந்தப்படி, எந்தச் சட்டங்களை முதலில் முடிப்பது என்று ஆணையம், நாடாளுமன்றம், உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் மன்றம் மூன்றின் தலைவர்களும் சேர்ந்து கையெழுத்திடும் ஒரு கூட்டு அறிக்கையும் உண்டு. முதல் அறிக்கை அதே வருடம் டிசம்பரில் வந்தது.

நான் எல்லோருக்கும் சொல்வது, வேலைத்திட்டத்தின் முகவுரையைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள், பின்னாலிருக்கும் இணைப்புகளுக்குப் போங்கள். முதல் இணைப்பில் புதிதாக வரப்போவது, மூன்றாவதில் நிலுவையில் உள்ளது, நான்காவதில் திரும்பப் பெறப்போவது. இந்த நான்காவதைத்தான் நான் முதலில் திறப்பேன். 2025 பிப்ரவரி 11-இல் வந்த திட்டத்தில் செயற்கை நுண்ணறிவால் விளையும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்ற சட்ட முன்மொழிவு அங்கேதான் கிடந்தது. அதை நம்பி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவர்கள் எனக்குத் தெரியும்.

சரி, நம்ம முதலாளி கதைக்கு வருகிறேன். 2024 நவம்பரில் புடாபெஸ்டில் கூடிய 27 நாட்டுத் தலைவர்கள் விதிமுறைகளை எளிமையாக்குவதில் ஒரு புரட்சியே வேண்டும் என்றார்கள். 2025 ஜனவரியில் ஆணையம் அறிக்கைச் சுமையைக் குறைந்தது 25 சதவீதம், சிறு நடுத்தர நிறுவனங்களுக்கு 35 சதவீதம் குறைப்போம் என்று எழுதியே கொடுத்தது. பிப்ரவரி 26-இல் ஆம்னிபஸ் (பல சட்டங்களை ஒரே கட்டாகத் திருத்துவது) என்ற பெயரில் அந்தச் சப்ளை செயின் ஆணையையே தளர்த்தும் முன்மொழிவு வந்தது, ஏப்ரலில் அது அமலாகும் கெடுவை ஒரு வருடம் தள்ளிவைத்தார்கள். ஆம்பூர் தோல்காரர்களுக்கும் இதே கதைதான், காடழிப்புத் தடைச் சட்டம் அமலாகும் நாள் 2024 டிசம்பரிலிருந்து 2025-க்கும், அங்கிருந்து 2026-க்கும் போனது.

இதை வைத்துக்கொண்டு எல்லாம் சும்மா என்று கையைக் கட்டிக்கொள்பவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. துணிக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் (பொருளின் விவரங்களை டிஜிட்டலாகச் சொல்லும் பதிவு) கொண்டுவரும் எக்கோடிசைன் சட்டம் போட்டித்திறன் பட்டியலிலும் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது, அந்தச் சட்டத்துக்கென்றே 2025 ஏப்ரலில் வந்த தனி வேலைத்திட்டத்தில் ஆயத்த ஆடை முன்வரிசையில் இருக்கிறது. நூல் பில், சாயப்பட்டறை ரசீது, லாட் நம்பர் மூன்றையும் ஒரே எக்செல் ஷீட்டில் கோர்த்து வைப்பதற்கு யாருக்கும் முன்பணம் கட்டவேண்டியதில்லை.

முதலாளிக்கு முன்பணம் திரும்பி வரவில்லை. போன மாதம் மறுபடி ஒரு பிடிஎஃப் அனுப்பி, "இதுக்கும் கட்டணுங்களா?" என்று கேட்டார். எந்த இணைப்பில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன் என்றேன். "இணைப்புன்னா?" என்றார். டீ வரவழைத்து, லேப்டாப்பைத் திறந்து காட்டினேன்.