கவனித்தாயிற்று, சரி, அப்புறம்?

கோத்தகிரியில் என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர், "தியானமெல்லாம் பண்ணிப் பார்த்தாச்சு மேடம், நமக்கு ஒத்து வரலை" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். சுற்றுலா வண்டி ஓட்டும் ஒருவர் இன்னும் நேராகச் சொன்னார்: "கண்ணை மூடினா வண்டித் தவணைதான் தெரியுது." (ஆள் தெரியாதபடி இங்கே விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவர் சொன்னதில் தப்பே இல்லை. மூச்சைக் கவனி, மனதைக் கவனி என்று சொல்லித் தருகிறவர்கள் பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மனம் பதறுகிறது என்று தெரிந்துவிட்டது, சரி, அப்புறம்? அந்த இடத்தில்தான் பழைய தத்துவம் கைகொடுக்கும்.

இன்று மருத்துவத்தில் புழங்கும் மனக்கவனப் பயிற்சிக்கு (மைண்ட்ஃபுல்னெஸ்) 1979-ல் வடிவம் கொடுத்தவர் ஜான் கபாட்-ஜின். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில், தீராத வலியோடு அல்லாடியவர்களுக்காகப் பௌத்தத் தியான முறைகளை 8 வாரப் பயிற்சியாக்கினார். மதச்சாயல் இல்லாததால் அது எல்லோரிடமும் போய்ச் சேர்ந்தது. ஆனால் இன்று செயலிகளில் ஐந்து நிமிடத்துக்குச் சுருங்கிக் கிடக்கும் வடிவத்தில், 'எப்படி வாழ்வது' என்ற கேள்வியையே காணோம்.

அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் பழைய கிரேக்கத் தத்துவஞானி எபிக்டீட்டஸ். அடிமையாக இருந்து ஆசிரியரானவர். சில காரியங்கள் நம் கையில் இருக்கின்றன, சில இல்லை. முதலில் இதைப் பிரித்துப் பார் என்பது அவருடைய பாலபாடம். நம்மைக் கலங்கடிப்பது நடந்த விஷயமல்ல, அதைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணம்தான் என்றும் சொன்னார். 1950-களில் ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளர் இதைப் பிடித்துக்கொண்டே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். நாங்கள் ஆலோசனையில் இன்றும் அதைப் பயன்படுத்துகிறோம்.

எங்கள் மலையில் இது எப்படி வேலை செய்கிறது? ஒரு சிறு தேயிலை விவசாயி. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து, பச்சைத் தேயிலை விலை பற்றி வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் தூக்கம் வராது. முதலில் ஒன்றே ஒன்று கேட்டேன்: போனை எடுக்கும் முன் உடம்பில் என்ன நடக்கிறது? ஒரு வாரம் கவனித்துவிட்டு வந்து, "நெஞ்சுக்குக் கீழே இறுக்கிப் பிடிக்குது மேடம், அது வந்தாதான் கை போனுக்குப் போகுது" என்றார். இது கவனம்.

பிறகு இருவரும் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டோம். குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறது என்பது அவர் கையில் இல்லை. கொழுந்து முற்றுவதற்கு முன் பறிப்பது, எந்த ஃபேக்டரிக்கு இலை போடுவது, ராத்திரி போனை எங்கே வைப்பது, இதெல்லாம் அவர் கையில். நியாய விலை கேட்டு ஊரோடு சேர்ந்து உட்காருவதும் இந்தப் பக்கம்தான் வரும் என்று நானே எழுதினேன். 2023-ல் இங்கே விலை கேட்டு உண்ணாவிரதமே இருந்தார்கள். கூலியும் விலையும் குறைவாக இருக்கிற இடத்தில் மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை.

அந்த டிரைவருக்கு வேறு சிக்கல். 'தன்னைத்தான் காக்கின் சினங்காக்க' குறள் அவருக்கு மனப்பாடம். ஆனால் வளைவில் ஹாரன் அடிக்காமல் ஏறி வரும் வெளியூர்க் காரைப் பார்த்ததும் வாயில் வருவது வேறு. கோபம் முந்திக்கொள்கிறது, குறள் பின்னால் வருகிறது. அவரைக் கண்ணை மூடச் சொல்லி என்ன பயன்? ஊட்டிக்கும் மசினகுடிக்கும் நடுவிலுள்ள கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவுப் பலகையைப் பார்க்கும்போதும் தாடை இறுகியிருக்கிறதா, ஸ்டியரிங்கை நெரித்துப் பிடித்திருக்கிறோமா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். சில வாரம் கழித்து, "திட்டுறது நிக்கலை, ஆனா திட்டப்போறேன்னு முன்னாடியே தெரியுது" என்றார். எனக்கு அது போதும்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். தத்துவம் அடுத்தவர் மேல் வீசுவதற்கல்ல. கணவனிடம் அடி வாங்கும் பெண்ணிடம் 'தீதும் நன்றும் பிறர்தர வாரா' என்று உறவினர் சொல்லி அனுப்பியதைக் கேட்டிருக்கிறேன். அதே புறநானூற்றுப் பாட்டு, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே என்றுதான் முடிகிறது. அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

மனக்கவனமும் எல்லோருக்கும் எப்போதும் பொருந்தாது. திரும்பத் திரும்ப மனச்சோர்வு வருகிறவர்களுக்கு அது மறுபடி வராமல் தடுக்க இந்தப் பயிற்சி உதவுகிறது. ஆனால் கடுமையான சோர்வின் நடுவிலோ, பெரிய அதிர்ச்சிக்குப் பிறகோ தனியாகக் கண்ணை மூடி உட்கார்ந்தால் சிலருக்குப் பழைய காட்சிகள் மேலெழும்பி நிலைமை மோசமாகலாம். அப்படிப்பட்டவர்கள் கண்ணைத் திறந்தே, கையிலிருக்கும் டீ கிளாஸின் சூட்டையோ தரையில் பதிந்த பாதத்தையோ கவனித்தால் போதும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தியானத்தை நம்பி அதை நிறுத்தக் கூடாது.

இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். சாகலாம் போலிருக்கிறது என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.